துரப்பணம் முதல் பேட்டரி டிரில் வரை

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020ஆம் ஆண்டு மே மாதம் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் அதே சமயத்தில்தான் கிடைத்தது. அதன் பிறகு எங்கள் பெரம்பலூர் மாவட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மக்காச்சோளம், சின்ன வெங்காயம் இவற்றோடு அரும்பாவூர் உளியையும் சேர்த்துப் பேசுகிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் உளியையும் கொட்டாப்புளியையும் பற்றி எழுதுகிற எல்லோரும் மறந்துவிடும் ஒரு கருவி உண்டு. அது துளை போடும் கருவி. உளி செய்த வேலை சிற்பத்தின் முகத்தில் தெரியும். துளைக்குள் ஆணியோ முளையோ இறங்கிவிட்டால் அது வெளியே தெரியாது. அதனால் அதற்கு வரலாறும் யாரும் எழுதுவதில்லை.

தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகள் என்னை வழியில் பார்த்தால், "சார், தினசரி வேலைக்கு எந்த பேட்டரி டிரில் வாங்கலாம்?" என்று கேட்பது வழக்கம். ஒரு கம்பெனிப் பெயரை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். கம்பெனிப் பெயர் இரண்டு வருடத்தில் பழசாகிவிடும். அந்தக் கருவி எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று தெரிந்துகொண்டால் எந்தக் காலத்திலும் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கயிறு இழுத்த காலம்

துளை போடுவது விவசாயம் அளவுக்குப் பழைய தொழில். இன்றைய பாகிஸ்தானின் பலுச்சிஸ்தான் பகுதியில் மெஹர்கர் என்ற இடத்தில் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழிகளைத் தோண்டினார்கள். அங்கே 9 பேரின் 11 கடைவாய்ப் பற்களில் ஒழுங்கான சிறு துளைகள் இருந்தன. 2006இல் 'நேச்சர்' இதழில் இந்தச் செய்தி வந்தது. கூரான கல்முனையை ஒரு குச்சியில் கட்டி, வில்லால் சுழற்றிப் போட்ட துளைகள் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதே மாதிரிக் கருவி செய்து பார்த்தபோது ஒரு நிமிடத்துக்குள் பல்லில் துளை விழுந்ததாம். மணி கோப்பவன் கையில் இருந்த கருவிதான் பல் வைத்தியத்துக்கும் போயிருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் நொய்யல் கரைக் கொடுமணலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அகழாய்வில் பச்சைக்கல், சூதுபவளம், படிகம் என்று பல வகைக் கல்மணிகளும், வேலை முடியாமல் பாதியில் நின்ற மணிகளும் கிடைத்தன. ஒரு கல்மணிக்கு நடுவில் நேராகத் துளை போடுவது சாதாரணக் கைவேலை இல்லை. அந்தக் காலத்திலேயே நம் ஊரில் அது ஒரு தொழிலாக இருந்திருக்கிறது.

இந்தக் கருவிக்குத் தமிழில் துரப்பணம் என்று பெயர். பேச்சில் 'தொரப்பணம்' என்பார்கள். சிறியதைத் தமரூசி என்று அகராதி சொல்கிறது. வேலை செய்யும் விதம் எளிது. ஒரு மரத்தண்டு. அதன் அடியில் கொல்லர் அடித்துக் கொடுத்த இரும்பு முனை. தலையில் அழுத்திப் பிடிக்க ஒரு மரக்குமிழ் அல்லது கொட்டாங்கச்சி. தண்டில் ஒரு சுற்றுச் சுற்றிய கயிறு. கயிற்றை வில்லில் கட்டியிருந்தால் ஒரே ஆள் இழுத்துத் தள்ளலாம். பெரிய துளை என்றால் இரண்டு பேர் வேண்டும். பெரியவர் தலையை அழுத்திப் பிடிப்பார். எதிரில் உட்கார்ந்து ஒரு பையன் கயிற்றின் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றி இழுப்பான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கயிற்றை இழுத்தால் தண்டு ஒரு பக்கம் சுற்றும். விட்டு இழுத்தால் மறுபக்கம் சுற்றும். அதனால் முனையை இரண்டு பக்கமும் சுரண்டுகிற மாதிரி, வேல் நுனி போலத் தட்டையாக அடிப்பார்கள். இப்போது நாம் வாங்குகிற முறுக்கு பிட்டை அதில் மாட்டினால் வேலைக்கு ஆகாது. அது ஒரு பக்கம் சுற்றினால்தான் வெட்டும்.

துரப்பணம் எதை நம்பி ஓடியது என்று கவனியுங்கள். கயிறு அறுந்தால் வேறு கயிறு. முனை மழுங்கினால் தெருக்கோடியில் கொல்லர் பட்டறை. தண்டு உடைந்தால் தச்சரே வேறு கடைந்துகொள்வார். ஊருக்குள் கிடைக்காத பொருள் அதில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கணக்கில் அதைவிட நம்பகமான டிரில் இதுவரை வரவில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை, எதிரில் உட்கார்ந்து கயிறு இழுத்த அந்தப் பையன். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில் அவன் பட்டறையில் இருந்தான். பழைய கருவிகளைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

கைப்பிடி சுற்றிய காலம்

1863இல் அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் முறுக்கு பிட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். சுருளாக ஓடும் பள்ளத்தின் வழியே தூள் தானாக மேலே வந்துவிடும். ஆனால் அதற்கு ஒரே பக்கமாக விடாமல் சுற்ற வேண்டும். பல்சக்கரமும் கைப்பிடியும் வைத்த கை டிரில் அந்த வேலையைச் செய்தது. மரத்துக்கு, வளைந்த கைப்பிடியை வட்டமாகச் சுற்றும் பிரேஸ் இருந்தது. பயிற்சி நிலையத்தில் நாங்கள் பையன்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்ததும் அதைத்தான். மின்சார டிரில்லைக் கையில் கொடுத்தால் துளை கோணலாகப் போவது முடிந்த பிறகுதான் தெரியும். பிரேஸில் போகப் போகவே கையில் தெரியும்.

இந்தக் கருவி வந்ததும் கயிறு இழுக்க ஆள் வேண்டாம் என்றாயிற்று. கல்யாணி, கப்பி எதுவும் இல்லாமல் ஒருவரே மேசை மேல் துளை போட்டார். பழுது பார்ப்பதும் சுலபம். பல்லில் எண்ணெய் விட்டால் தலைமுறை தாண்டி ஓடும். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் தாத்தா காலத்துக் கை டிரில் இன்னும் ஆணியில் தொங்குவதைப் பார்க்கலாம்.

கரண்டு வந்த பிறகு

1889இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆர்தர் ஆர்னாட், வில்லியம் பிரெய்ன் என்ற இருவர் மின்சார டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1895இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் கையில் பிடிக்கும் மின்சார டிரில்லைச் செய்தது. இன்று நாம் பார்க்கும் துப்பாக்கி வடிவம், விரலால் அழுத்தும் விசை இரண்டும் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கொண்டுவந்தவை. 1917இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நூறு வருடம் தாண்டியும் அந்த வடிவம் மாறவில்லை.

நம் ஊர்ப் பட்டறைகளில் ஒரு காலத்தில் டிரில் என்றால் ராலிவுல்ஃப் என்று பெயர். எடை அதிகம். ஆனால் வருடக் கணக்கில் உழைத்தது. அந்த உழைப்புக்கு அதைச் செய்த கம்பெனி மட்டும் காரணம் இல்லை என்பது என் கருத்து. பெரம்பலூர், அரியலூர் பக்கம் கிணற்றுப் பாசனம் அதிகம். கிணறு இருந்தால் மோட்டார் இருக்கும். மோட்டார் இருந்தால் அது எரியும். எரிந்தால் காயில் கட்டும் கடை வேண்டும். அதனால் சின்னச் சின்ன ஊரில்கூட காயில் கட்டத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். டிரில் புகைந்தாலும் அவரிடமே கொண்டுபோனார்கள். கார்பன் பிரஷ் தேய்ந்தால் சில ரூபாயில் மாற்றினார்கள். பேரிங் சத்தம் போட்டால் அளவு பார்த்து வேறு போட்டார்கள். வெங்காயத்துக்கும் பருத்திக்கும் தண்ணீர் இறைத்த மோட்டார்தான் தச்சரின் டிரில்லுக்கும் ஆயுள் கொடுத்தது.

கயிறு, கொல்லர் என்று இருந்த சார்பு இப்போது ஒயர், காயில் கட்டும் கடை என்று மாறியது. அப்போதும் எல்லாம் ஊருக்குள்ளேயே இருந்தது. வெளியிலிருந்து வர வேண்டியது ஒன்றே ஒன்று. கரண்டு.

மின்வெட்டு கற்றுக்கொடுத்த பாடம்

2008 வாக்கில் தொடங்கிய தமிழ்நாட்டு மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கும் மேல் கரண்டு இல்லாத நாட்கள் இருந்தன. பெரிய ஆலைக்காரர்கள் ஜெனரேட்டர் வைத்துச் சமாளித்தார்கள். இரண்டு பேர், மூன்று பேர் வேலை செய்யும் மரப்பட்டறைக்கு டீசல் செலவு கட்டுப்படியாகாது. கரண்டு வருகிற நேரத்தைப் பார்த்து ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வேலை செய்தவர்களை எனக்குத் தெரியும். சிற்ப வேலை கையால் நடக்கும். ஆனால் கதவு, ஜன்னல், கட்டில் செய்கிற பட்டறை நின்றுபோகும். சொன்ன தேதிக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த ஆர்டர் வராது.

அதுவரை பேட்டரி டிரில் பணக்கார வீட்டு விளையாட்டுச் சாமான் என்று நினைத்தவர்கள் அப்போதுதான் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். கரண்டு இருக்கிற இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டு இல்லாத நேரத்தில் துளை போடலாம். வெளிநாடுகளில் ஏணி மேல் ஏறும் எலக்ட்ரீஷியனுக்கு ஒயர் தடுக்கக் கூடாது என்று வளர்ந்த கருவி, நம் மாவட்டத்தில் ஒயரில் கரண்டே இல்லாததால் பரவியது.

பேட்டரியின் கதை

பேட்டரி டிரில்லை நிலாவுக்குப் போவதற்காக நாசா கண்டுபிடித்தது என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. பிளாக் அண்ட் டெக்கர் 1961லேயே பேட்டரி டிரில்லைக் கொண்டுவந்துவிட்டது. நிக்கல்-காட்மியம் பேட்டரி, 4.8 வோல்ட். நிலாவுக்கான டிரில் அதற்குப் பின்னால் செய்தது. 1971இல் அப்போலோ 15இல் போன டேவிட் ஸ்காட், நிலாவின் தரையில் பேட்டரி டிரில்லால் ஏறத்தாழ 2.4 மீட்டர் ஆழத்துக்கு மண் மாதிரி எடுத்தார். உள்ளே போன தண்டு இறுகிக்கொண்டு, இரண்டு பேர் சேர்ந்து படாத பாடு பட்டு உருவினார்கள். நிலாவில் ஆனாலும் பட்டறையில் ஆனாலும், தூள் வெளியே வராவிட்டால் பிட் இறுகத்தான் செய்யும்.

ஜப்பானின் மகிடா 1969இல் தன் முதல் பேட்டரி டிரில்லைச் செய்தது. 1978இல் 7.2 வோல்ட் டிரில் ஒன்றை விட்டது. இது நிக்கல்-காட்மியம். அதில் ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட்தான். 12 வோல்ட் வேண்டுமானால் 10 செல், 18 வோல்ட் வேண்டுமானால் 15 செல் அடுக்க வேண்டும். எடை கையை இழுக்கும். பெட்டியில் வைத்திருந்தால் சார்ஜ் தானாக இறங்கிவிடும். காட்மியம் நஞ்சு என்பது வேறு.

மாற்றம் லித்தியம்-அயனில் வந்தது. 1991இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003இல் பாஷ் ஒரு சின்ன திருப்புளியில் அதைப் போட்டது. 2005இல் மில்வாக்கி 28 வோல்ட்டிலும், மகிடா 18 வோல்ட்டிலும் பெரிய கருவிகளுக்குக் கொண்டுவந்தன. இந்த பேட்டரிக்கு அடிப்படை போட்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்ற அந்த மூன்று பேருக்கும் நம் தச்சர்கள் ஒரு கும்பிடு போடலாம்.

இங்கே கடைக்காரர் சொல்லாத ஒரு கணக்கு. லித்தியம் செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட். ஐந்து செல் சேர்த்தால் 18 வோல்ட். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கும். அதை வைத்து அதே ஐந்து செல்லை '20 வோல்ட்' என்று அட்டையில் போடுகிறார்கள். 18ம் 20ம் ஒன்றுதான். மூன்று செல் உள்ளது 10.8 வோல்ட். அதைத்தான் 12 வோல்ட் என்று விற்கிறார்கள். எண்ணைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

ஆம்பியர்-அவர் என்பது தொட்டியின் கொள்ளளவு மாதிரி. 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 36 வாட்-மணி. 4 என்றால் 72 வாட்-மணி. ஒரு யூனிட் கரண்டு என்பது 1,000 வாட்-மணி. ஆக, பெரிய பேட்டரியை முழுதாகச் சார்ஜ் போட்டாலும் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். கரண்டு செலவு ஒரு பொருட்டே இல்லை. செலவெல்லாம் பேட்டரியில் இருக்கிறது.

டிரில் உயிரோடு, பேட்டரி செத்து

எனக்குத் தெரிந்த ஒரு தேர் வேலைப் பட்டறையில் 12 வோல்ட் நிக்கல்-காட்மியம் டிரில் இரண்டு வாங்கினார்கள். சில வருடம் நன்றாக உழைத்தது. பேட்டரி முடிந்ததும் வேறு வாங்கப் போனால், அந்த வடிவம் இப்போது வருவதில்லை, புது மாடல் டிரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். மோட்டார் நன்றாக இருந்தது. கியர் நன்றாக இருந்தது. சக் கொஞ்சம்கூட ஆடவில்லை. அவ்வளவும் குப்பை. அந்த மேஸ்திரி சும்மா விடவில்லை. பேட்டரிக் கூட்டைக் காலி செய்து, இரண்டு ஒயர் இழுத்து, 12 வோல்ட் வண்டி பேட்டரியில் கொடுத்தார். ஓடியது. ஆனால் ஒயர் இல்லாத டிரில் மறுபடியும் ஒயர் உள்ள டிரில் ஆகிவிட்டது! (லித்தியம் பேட்டரியில் இந்த மாதிரி வேலை செய்யாதீர்கள். தவறாக இணைத்தால் தீப்பிடிக்கும்.)

கயிறு ஊரில் கிடைத்தது. காயில் ஊரில் கட்டினார்கள். பேட்டரியை ஊரில் செய்ய முடியாது. இத்தனை ஆயிரம் வருடத்தில் துளை போடும் கருவியின் உயிர் முதல் தடவையாக ஊருக்கு வெளியே போயிருக்கிறது. அதனால் இன்றைக்கு டிரில் தேர்ந்தெடுப்பது என்றால் பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது என்றே அர்த்தம். மற்றவை அதற்குப் பிறகுதான்.

இதை மனதில் வைத்து, தினசரி பட்டறை வேலைக்கு என் யோசனைகளைச் சொல்கிறேன்.

முதலில், அந்த பேட்டரி வடிவம் எத்தனை வருடமாக மாறாமல் வருகிறது என்று கேளுங்கள். அதே பேட்டரியில் ஓடும் வேறு கருவிகள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு பேட்டரியில் பல கருவிகள் ஓடினால் கம்பெனி அதைச் சுலபத்தில் கைவிடாது. பல கம்பெனிகள் சேர்ந்து ஒரே பேட்டரியைப் பயன்படுத்தும் கூட்டணிகளும் 2018இலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. அது நல்ல அறிகுறி.

இரண்டாவது, சர்வீஸ் எங்கே என்று விசாரியுங்கள். பெரம்பலூரிலிருந்து திருச்சி ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே ஆள் இல்லாத கம்பெனி என்றால், எவ்வளவு விலை குறைத்தாலும் யோசியுங்கள். ஒரு நாள் கூலி போனால் அந்த லாபம் போய்விடும்.

மூன்றாவது, இரண்டு பேட்டரியோடு வாங்குங்கள். ஒன்று வேலையில், ஒன்று சார்ஜில். பேட்டரியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பயன்படுத்தாமல் கடையில் இருந்தாலும் அதற்கு வயசாகும். பிரபலக் கம்பெனிப் பேட்டரி போலவே பாதி விலையில் வருவதை நம்பாதீர்கள்.

நான்காவது, சூடு. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் சூடு லித்தியத்துக்கு எதிரி. 45 டிகிரிக்கு மேல் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. வேலை முடிந்து கொதிக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டாதீர்கள். நிழலில் ஆறட்டும்.

ஐந்தாவது, மோட்டார். கார்பன் பிரஷ் உள்ளது விலை குறைவு. பிரஷ் இல்லாத மோட்டார் அதே சார்ஜில் கூடுதல் நேரம் உழைக்கும், தேய்மானம் குறைவு. ஆனால் அதற்குள் இருக்கும் மின்னணுப் பலகை போனால் காயில் கட்டுகிறவரால் ஒன்றும் செய்ய முடியாது. நாள் முழுக்க ஓட்டுகிறவர் பிரஷ் இல்லாததை வாங்கலாம். எப்போதாவது ஓட்டுகிறவருக்குப் பிரஷ் உள்ளதே போதும்.

ஆறாவது, வேலைக்கு ஏற்ற அளவு. சிற்பம், சட்டம், அலமாரி என்றால் 10 மி.மீ. சக் போதும், 12 வோல்ட்டே போதும். எடை குறைவு, மணிக்கட்டு தப்பிக்கும். கதவு நிலை, கட்டில் என்றால் 18 வோல்ட், 13 மி.மீ. சக், இரண்டு வேகக் கியர். தேர் வேலையில் இலுப்பைச் சட்டத்தில் ஒரு அங்குலத் துளையை நாள் முழுக்கப் போடுவதென்றால் ஒயர் உள்ள கனமான டிரில்தான் சரி. பேட்டரி டிரில்லை அதில் போட்டு வாட்டுவது கன்றுக்குட்டியை ஏரில் பூட்டுவது போல. பிட் இறுகினால் கருவி கையை முறுக்கும். பக்கக் கைப்பிடியை மாட்டாமல் பெரிய துளை போடாதீர்கள். கழுத்தில் துண்டோடு டிரில்லைத் தொடாதீர்கள்.

செத்த பேட்டரியைக் குப்பையிலோ அடுப்பிலோ போடாதீர்கள். 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரித்த கம்பெனிக்கு இருக்கிறது. வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இயந்திரம் வந்தால் கைவேலை போய்விடும் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். பச்சைமலை அடிவாரத்து வாகையில் ஒரு முகம் பிறப்பது உளியில்தான். அதை எந்த டிரில்லும் செய்யாது. உளி தொடுவதற்கு முன்னால் வேண்டாத மரத்தைக் கழிக்கவும், முடிந்த பிறகு முளை இறக்கவும்தான் டிரில். அந்த வேலையில் மிச்சமாகும் நேரமும் மணிக்கட்டு வலுவும் உளிக்குப் போகட்டும். கயிறு இழுத்த பையனின் பேரப்பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறான். அந்த ஒன்றுக்காகவே துரப்பணம் பரணில் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பரணிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வீட்டில் பழைய துரப்பணமோ கை டிரில்லோ இருந்தால் துடைத்து எண்ணெய் போட்டு வையுங்கள். அதன் உங்கள் ஊர்ப் பெயர் என்ன, கயிற்றுக்கு எதைப் பயன்படுத்தினார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதியும் வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.